நல்லசாமியின் வலது கண்ணுக்கு அளவு எடுத்தது

என் கணவர் நல்லசாமிக்கு இப்போது ஒரு கண்தான். வலது கண் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதை போன பிறகு யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

நாங்கள் இருப்பது புக்கிட் பெலண்டோக் பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில். அவர் முப்பது வருஷம் குலை வெட்டினவர். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைப் பொருத்திக்கொண்டு நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துச் செய்கிற வேலை அது. அண்ணாந்து பார்க்கிறவன் கண்ணில் மேலே இருக்கிறதெல்லாம் விழும். தூசி விழும், எறும்பு விழும், ஒரு தடவை பாம்புச் சட்டைகூட விழுந்தது. அன்றைக்கு மட்டை சரிந்து வரும்போது அதன் முள் ஒன்று கண்ணைக் கீறிவிட்டது. தோட்டத்துக் கிளினிக் நடந்து போகிற தூரம்தான். மனுஷன் போகவில்லை. தண்ணீரில் கழுவிக்கொண்டு மறுநாளும் குலை வெட்டினார், அதற்கு மறுநாளும் வெட்டினார். நாலாம் நாள்தான் என்னிடம் வந்து, "புஷ்பா, வீட்ல சொட்டு மருந்து ஏதும் இருக்கா?" என்று கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். கண் தக்காளிப் பழமாக இருந்தது.

டவுன் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை திட்டிக்கொண்டே போனேன். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, மூன்று நாள் முன்னாடி வந்திருக்கலாமே என்றார். நான் வழி முழுக்கச் சொன்னதைத்தான் அவரும் சொன்னார், மலாயில். உள்ளே சீழ் பிடித்துவிட்டது, கண்ணை எடுக்காவிட்டால் மூளைக்குப் போகும் என்றார். எடுத்துவிட்டார்கள்.

ஆறாம் நாள் கட்டுப் பிரித்தார்கள். நர்ஸ் என்னைக் கிட்டே கூப்பிட்டது. வீட்டுக்குப் போனால் தினமும் காலையில் கழுவி விட வேண்டும், எப்படி என்று காட்டுகிறேன், பாருங்கள் என்றது. நான் போய்க் கட்டில் பக்கத்தில் நின்றேன். பஞ்சை எடுத்தார்கள். பார்த்தேன். பார்த்த மறு நிமிஷம் நான் அந்த அறையில் இல்லை. வராந்தா கடைசிக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பயம் என்று சொல்லலாம், அருவருப்பு என்றும் சொல்லலாம். இருபத்தேழு வருஷம் கூடவே குடும்பம் நடத்தின ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடினவள் நான்தான்.

கால் மணி நேரம் கழித்துக் கீழே கடையில் அவர் குடிக்க ஒரு பாக்கெட் மைலோ வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். "மைலோ வாங்கப் போனேங்க" என்றேன். அவர் "ம்" என்றார். அதற்குள் புதுக் கட்டுப் போட்டிருந்தார்கள். கழுவுகிற விதத்தை அவரே கற்றுக்கொண்டாராம், நர்ஸ் சொன்னது. அதற்குப் பிறகு அந்தக் கண்ணை அவர் எனக்குக் காட்டவே இல்லை. காட்டுங்கள் என்று நானும் கேட்கவில்லை.

கண்ணாடிக் கண் வைக்கலாம், ஆனால் குழி நன்றாகக் காய வேண்டும், ஒரு வருஷத்துக்கு மேலேகூட ஆகும், அதுவரை வெளியே போகும்போது மூடிக்கொள்ளுங்கள் என்றார்கள். எதைப் போட்டு மூடுவது என்று கேட்டேன். கடையில் விதவிதமாக இருக்கும், எது தோதாக இருக்கிறதோ அதைப் போடச் சொன்னார்கள். செருப்பு வாங்குகிற மாதிரிதான்.

எங்கள் மகள் ரோகினி பாரோயில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். அவள்தான் முதல் மூடியைக் கொண்டுவந்தாள். கறுப்புப் பிளாஸ்டிக், பின்னால் ஒரு ரப்பர் நாடா. "இதாம்ப்பா எல்லாரும் வாங்குறது" என்றாள். எல்லாரும் என்றால் யார் என்று எனக்குத் தெரியவில்லை. பாரோயில் ஒற்றைக் கண்காரர்களை நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை.

அந்தச் சமயம் மேனேஜர் அவருக்கு வேலையை மாற்றிக் கொடுத்திருந்தார். வெட்டின குலைகளை லோரியில் ஏற்றுவதற்கு முன்னால் கொட்டி வைக்கிற மேடை ஒன்று உண்டு, ராம்ப் என்பார்கள். அங்கே நின்று பழுத்தது எது, காய் எது என்று பார்த்துப் பிரிக்கிற வேலை. ஒரு கண் போதுமா என்று மேனேஜர் இழுத்தாராம். எங்கள் மேஸ்திரி மாயாண்டி மண்டோர்தான், "மத்தவனுங்க ரெண்டு கண்ண வச்சிக்கிட்டே காயை ஏத்துறானுங்க தொர" என்று சொல்லி வாங்கிக் கொடுத்தார்.

ராம்ப்பில் நிழல் கிடையாது. பதினோரு மணிக்குள் அந்தப் பிளாஸ்டிக் மூடிக்குள் வேர்வை தேங்கிவிடும். மூடியைக் கொஞ்சம் தூக்கினால் போதும், கன்னத்தில் தண்ணீர் ஓடும். வேலைக்கு வந்த அன்றைக்கே நல்லசாமி அழுகிறான் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. நாடாவை இறுக்கினால் ஹெல்மெட் அதன் மேல் உட்கார்ந்து தலைவலி. தளர்த்தினால் மூடி வழுக்கி மீசைக்கு வந்துவிடும். மாயாண்டி மண்டோர், "என்னாப்பா, மீசைக்கும் ஆபரேசன் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டாராம்.

இரண்டாவது, ஒட்டுகிற மூடி. முட்டை வடிவத்தில் பிளாஸ்தர். வேர்வையில் தேநீர் நேரத்துக்கே கழன்று தொங்கும். கழலாத நாளில் உரித்தால் புருவ முடியோடு வரும். ஒரு வாரத்தில் வலது புருவம் பாதி காணாமல் போனது. சுற்றிலும் சொறி வேறு. ரோகினி அதை நிறுத்தச் சொன்னாள்.

மூன்றாவது, மூக்குக் கண்ணாடியில் சொருகுகிற துணி மூடி. எங்கள் வீட்டுக்காரருக்குக் கண்ணாடி போடுகிற பழக்கம் இல்லை. அதனால் பவர் இல்லாத கண்ணாடி ஒன்றும் சேர்ந்து வந்தது. நெற்றியிலும் படாது, நாடாவும் இல்லை, சுகமாகத்தான் இருந்தது, வீட்டு வாசல்வரை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு செம்மண் ரோட்டில் இறங்கினதும் பக்கவாட்டில் காற்று புகுந்து தோட்டத்துத் தூசி முழுவதையும் உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்று மாலை வீங்கிக்கொண்டு வந்தார்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்துவிட்டது. நான் ஒரு தையல்காரி. பதினெட்டு வருஷமாகத் தைக்கிறேன். லுக்குட்டிலிருந்தும் மம்பாவிலிருந்தும் வாடகைக் காடி பிடித்து என்னிடம் ஜாக்கெட் தைக்க வருகிறார்கள். கட்டின புருஷனுக்கு உள்ளங்கை அகலத் துணி மூடி ஒன்று என்னால் தைக்க முடியாதா? "கடைச் சாமான் இனிமே வேணாங்க, நானே தைக்கிறேன்" என்றேன்.

என் தொழிலில் எனக்கு ஒரு விதி உண்டு. நான் உடம்பில் டேப் வைத்து அளவெடுக்க மாட்டேன். டேப்பைப் பார்த்ததும் பெண்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள், மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு ஜாக்கெட் பிடிக்கிறது என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அதனால் யார் வந்தாலும் பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வேன். இந்தப் பக்கம் எல்லாத் தையல்காரிகளும் இப்படித்தான். பழைய ஜாக்கெட் மூச்சைப் பிடிக்காது.

அவரிடமும் அப்படியே கேட்டேன். "அளவுக்கு ஒண்ணு குடுங்க." அவர் கண்ணாடியில் சொருகின மூடியோடு நின்றபடியே, அந்தப் பழைய பிளாஸ்டிக் மூடியை எடுத்து என் மெஷின் மேல் வைத்தார். "இதையே வச்சிக்க" என்றார். இரண்டு பேருக்கும் நிம்மதியாக இருந்தது. அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

ஜாக்கெட்டுக்கு வைக்கிற கப் மெத்தென்று இருக்கும், நடுவில் குழிந்து இமையில் படாமல் நிற்கும். அதை அந்தப் பிளாஸ்டிக் மூடியின் அளவுக்கு வெட்டி, மேலே கறுப்புச் சாட்டின் போட்டுத் தைத்தேன். கப் ஜோடியாகத்தான் விற்பார்கள் என்பதால் ஒன்றுக்கு ஒன்று மிச்சமானது. அவர் போட்டுப் பார்த்துவிட்டு, "மெத்துன்னு இருக்கு" என்றார். எதில் தைத்தது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாயாண்டி மண்டோர்தான் ஒரு நாள் வாசலில் மோட்டாரை நிறுத்தி, "தங்கச்சி, நல்லசாமி கண்ணுல இருக்கறத எங்கயோ பாத்த மாதிரி இருக்கே" என்றார். அவர் மனைவி லெட்சுமி அக்காவுக்குப் போன தீபாவளிக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள் நான். "ஆமாண்ணே, ரெண்டும் ஒரே பாக்கெட்டுதான்" என்றேன். அதற்குப் பிறகு மண்டோர் என் புருஷன் முகத்தை நேராகப் பார்த்துப் பேசுவதில்லை.

மெத்தென்று இருந்தது நாலு நாள்தான். பிறகு கன்னத்து எலும்பில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. மூக்கோரத்தில் தோல் உரிந்தது. சாட்டின் சூடு என்று நினைத்துப் பருத்தித் துணியில் தைத்தேன். அதே கோடு. கப்பை எடுத்துவிட்டு மடித்த துணி வைத்தேன். அதே கோடு. நாடாவை மாற்றினேன், ஓரத்தை மாற்றினேன், உள் துணியை மாற்றினேன். மொத்தம் ஏழு மூடி தைத்தேன். ஏழும் ஒரே இடத்தில் கடித்தன.

அவர் அந்த மூடியைக் கழற்றுவதும் இல்லை. வேலையிலிருந்து வந்தால் கழற்ற மாட்டார். சாப்பிடும்போது கழற்ற மாட்டார். குளித்துவிட்டு ஈர மூடியோடு வெளியே வருவார். படுக்கும்போதும் போட்டிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து சுவர்ப் பக்கம் படுத்தவள் நான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவர் போய்ச் சுவர்ப் பக்கம் படுத்துக்கொண்டார். காற்றாடிக் காற்று ஆகவில்லை என்றார். அங்கே படுத்தால் அவருடைய வலது பக்கம் சுவரைப் பார்க்கும்.

பத்தாவது மாதம் டாக்டர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, திரைக்கு வெளியே வந்து என்னைத்தான் முறைத்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். தோல் ஊறிப் போயிருக்கிறது, காற்றே படவில்லை, வீட்டில் இருக்கிற நேரம் முழுக்கத் திறந்து வைத்தால்தான் காயும், மூடியும் தினம் ஒன்று மாற்ற வேண்டும் என்றார். இன்னும் நாலு மாதம் பார்ப்போம், அதற்குள் காயாவிட்டால் உள்ளே சுருங்கிவிடும், பிறகு கண்ணாடிக் கண் உட்காராது, ஆயுசு முழுக்க மூடிதான் என்றார். அவர் "சரி டாக்டர்" என்றார். வீட்டுக்கு வந்தோம். மூடி அப்படியே இருந்தது.

"டாக்டர் சொன்னார்ல, கழட்டி வைங்க."

"வைக்கறேன்லா."

"எப்ப?"

"கோழிக்குத் தீனி போட்டுட்டு."

கோழிக்குத் தீனி போட்டுவிட்டு மூடியோடு வருவார். மறுநாளும் இதே பேச்சு. மூன்று மாதம் இப்படியே போனது. எனக்குத் தெரியாதா அவர் ஏன் கழற்றவில்லை என்று? அன்றைக்கு ஓடினது தப்புங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் வாய் கிழியப் பேசுகிறவள் நான். அந்த ஒரு வார்த்தை மட்டும் தொண்டைக்கு மேலே வரவில்லை.

இப்படி இருக்கும்போது மம்பாவிலிருந்து இசபெல் வந்தாள். அவள் வீட்டுக்காரர் முன்பு எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்தவர். கிறிஸ்துமஸுக்கு அவளுக்குத் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, கையத் தூக்க முடியல. பூசைக்குப் போட்டுட்டுப் போயி முழங்கையோட கும்பிட்டேன்."

"நீ குடுத்த அளவு ஜாக்கெட்ல இருந்து ஒரு நூல் கூட மாத்தல. வேணும்னா ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சிப் பாரு."

"அந்த ஜாக்கெட்டும் கையத் தூக்க விடாதுக்கா. ஆரம்பத்துலருந்தே அப்பிடித்தான். பழகிப் போச்சி."

"பொருந்தாததை எதுக்கு அளவுக்குக் குடுத்த?"

"நீங்கதான பழச கேட்டீங்க. நான் என்னா செய்றது?"

மெஷினுக்கு மேலே ஆணியில் அந்தப் பிளாஸ்டிக் மூடி தொங்கிக்கொண்டிருந்தது. முதல் நாளே அவருக்குப் பொருந்தாத மூடி. அதை அளவுக்கு வைத்துக்கொண்டு ஒரு நூல் பிசகாமல் ஏழு தைத்திருக்கிறேன். தப்பு துணியில் இல்லை. இசபெலை உட்கார வைத்து, பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தி உடம்பில் டேப் வைத்து அளவெடுத்தேன். வயிற்றை இழுக்காதே என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். "உக்காருங்க. முகத்துல அளவெடுக்கணும்."

"மூடி மேலயே எடு."

"மூடி மேல எடுத்தா மூடியோட அளவுதான் வரும்."

"இருக்கறதே போதும் புஷ்பா. எனக்கு ஒண்ணும் வலிக்கல." மூக்கோரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. மோட்டாருக்கு எண்ணெய் பார்க்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவர் சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ரோகினியின் பழைய மோட்டாரில் ராம்ப்புக்குப் போனேன். மண்டோர் ஸ்டோருக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

ஸ்டோருக்குப் பின்னால் இருந்த நிழலில் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் கணவரின் மோட்டார் அங்கே நின்றது. அதன் கண்ணாடியில் நான் தைத்த ஏழாவது மூடி தொங்கியது. அவர் கவிழ்த்துப் போட்ட தள்ளுவண்டி மேல் உட்கார்ந்து முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். லொம்போக்கிலிருந்து வந்து வேலை செய்கிற நூர்டின், ஒரு கையில் மருந்துத் தண்ணீர்ப் பாட்டிலும் இன்னொரு கையில் பஞ்சும் வைத்துக்கொண்டு அவர் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் எனக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்தது அந்த வேலையைத்தான். அவன் நிதானமாகச் செய்தான். பக்கத்தில் இருந்தவன் ஏதோ சொல்ல, என் கணவர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதம் ஆகிறது.

என்னைப் பார்த்தவுடன் அவர் கை மோட்டார் கண்ணாடிக்குப் போனது. ஈரத்தைக்கூடத் துடைக்காமல் மூடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் சாப்பாட்டை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஐந்தரை மணிக்கு வந்தார். நான் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு வைத்திருந்தேன்.

"உக்காருங்க."

"கை கால் கழுவிட்டு வர்றேன்."

"கழுவ வேணாம். நூர்டினுக்குக் காட்டுறீங்க. மாயாண்டி அண்ணனுக்குக் காட்டுறீங்க. லோரி ஓட்டறவன்கூடப் பாத்திருப்பான். எனக்கு மட்டும் மூடியப் போட்டுக்கிட்டுப் படுக்கறீங்க. நான் யாரு, ரோட்ல போறவளா?"

அவர் வாசலில் நின்று சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் சண்டை போடுகிற ஆள் இல்லை. நான் நாலு பேருக்குச் சேர்த்துப் போடுவேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அன்றைக்கு மட்டும் பதில் சொன்னார்.

"அவனுங்க ஓடல" என்றார்.

"நான் மைலோ வாங்கத்தான்" என்று ஆரம்பித்தேன்.

"மேசையில ஏற்கனவே ஒரு மைலோ இருந்துச்சி புஷ்பா. காலையில நீதான் வாங்கிட்டு வந்து வச்ச."

அப்படியென்றால் அவருக்கு அன்றைக்கே தெரியும். பதிமூன்று மாதமாகத் தெரிந்துதான் சுவர்ப் பக்கம் படுத்திருக்கிறார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மழை வரும்போல இருக்கு என்பது போலச் சொன்னார். நான் மேசையிலிருந்து நாலு குண்டூசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். அளவெடுக்கும்போது ஊசியை வாயில் வைத்துக்கொள்வது எல்லாத் தையல்காரிகளுக்கும் உள்ள பழக்கம். அந்த வேலைக்கு ஊசியே தேவையில்லை என்பது எனக்கும் தெரியும். டேப்பை எடுத்துக்கொண்டு நின்றேன்.

அவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு மூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் பார்த்தேன். இமை இரண்டும் உள்வாங்கி, வாய் தைத்த பை மாதிரி தட்டையாக இருந்தது. அது அவ்வளவு மோசமாக இல்லை. அதைச் சுற்றி இருந்ததுதான் மோசம். கன்னத்து எலும்பில் சிவப்பாக ஒரு கோடு, அதற்கு மேல் பழைய கோடு, மூக்கோரத்தில் புண், நெற்றிப் பொட்டில் நாடா அழுத்தின தழும்பு. முள் கீறினது ஒரு இடத்தில்தான். மற்றதெல்லாம் நான் தைத்துக் கொடுத்தது. கண்ணீர் பொலபொலவென்று வந்தது. வாயில் ஊசி இருந்ததால் மூக்கை உறிஞ்சக்கூடப் பயமாக இருந்தது.

"பயமா இருக்கா?" என்று கேட்டார்.

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் சட்டைக் காலரில் குத்தி வைத்தேன். நாலும் முடிந்தது. இனி பேசித்தான் ஆக வேண்டும்.

"ஆமாங்க. மைலோ வாங்கப் போகல, பயந்துதான் ஓடுனேன். ஓடுனது தப்பு. இன்னிக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. ஆனா பழகணும்லா. நீங்க மூடியே வச்சிருந்தா நான் எப்பப் பழகுறது?"

அவர் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கண்ணும் நிறைந்திருந்தது. "சரி, அளவ எடு" என்றார்.

எடுத்தேன். புருவத்திலிருந்து கன்னத்து எலும்புக்குக் கீழே வரை மூன்று அங்குலம். மூக்கோரத்திலிருந்து பொட்டு வரை மூன்றே கால். பிளாஸ்டிக் மூடி உயரத்தில் அரை அங்குலம் குறைச்சல். அந்த அரை அங்குலத்துக்குத்தான் மனுஷன் இத்தனை மாதம் ரத்தம் சிந்தியிருக்கிறார். என் அளவு நோட்டில் ஒரு புதுப் பக்கம் எடுத்து, மேலே வீட்டுக்காரர் என்று எழுதி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பிறகு வெந்நீர் வைத்து, எப்படிக் கழுவுவது என்று அவரையே கேட்டுக் கேட்டுக் கழுவி விட்டேன். கை நடுங்கியது. "நூர்டினுக்கும் மொத நாள் நடுங்குச்சி" என்றார்.

எட்டாவது மூடி மறுநாள் காலையில் தயார். கீழ் ஓரம் எலும்பைத் தாண்டிச் சதையில் உட்காருகிற மாதிரி இறக்கினேன். உள்ளே அவருடைய பழைய கைலித் துணி, துவைத்துத் துவைத்து மெலிந்து போனது, இரண்டு மடிப்பு. ரப்பரை இறுக்கமாகப் போடாமல், இடது காதுக்கு மேலேயும் வலது காதுக்குக் கீழேயும் சாய்வாகக் கொண்டுபோனேன், ஹெல்மெட் அதன் மேல் உட்காராது. போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்ததும் நான் சொல்லாமலே உட்கார்ந்து கழற்றினார். கன்னத்தில் புதுக் கோடு இல்லை.

ஆனால் தினம் ஒன்று மாற்றச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஏழு நாளைக்கு ஏழு வேண்டும். ஜாக்கெட் வேலைக்கு நடுவில் நாலைந்து நாளைக்கு ஒன்றுதான் தைக்க முடிந்தது. ஏழும் முடிகிறவரை தினமும் புதுசாக அளவெடுக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். தினமும் சாயங்காலம் ஸ்டூலைப் போட்டு உட்கார வைப்பேன். கழற்றுவார். நான் டேப்பை வைத்து நிதானமாக எடுப்பேன். அளவெடுத்து முடிந்த பிறகும் மூடியைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிடுவேன். அவரும் கேட்க மறந்துவிடுவார். அப்படியே உட்கார்ந்து தேநீர் குடிப்போம். எட்டு மணி, ஒன்பது மணி ஆகிவிடும். இப்போது அவர் வெளிப் பக்கம்தான் படுக்கிறார். காற்றாடிக் காற்று சரியாகிவிட்டது போலிருக்கிறது.

போன வாரம் டாக்டரிடம் போனோம். காய்கிறது என்றார். கண்ணாடிக் கண்ணுக்கு அளவெடுக்க அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அளவுக்குப் பழையது ஏதாவது கொண்டுவர வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், முகத்தில்தான் எடுப்போம் என்றார்கள். நல்லது என்றேன்.

நேற்றோடு ஏழு மூடியும் தைத்து முடித்துவிட்டேன். ஏழும் துவைத்து வாசல் கொடியில் காய்ந்துகொண்டிருக்கின்றன. இன்று சாயங்காலம் அவர் வந்ததும் வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"இன்னிக்கும் எடுக்கணுமா?" என்றார். "ஏழு ஆயிடுச்சே. கொடியில எண்ணிட்டுத்தான் வந்தேன்."

"உபரியா ஒண்ணு இருக்கட்டும்."

"நேத்து எடுத்த அளவு?"

"நோட்டக் காணோங்க."

நோட்டு அவர் முழங்கைக்குப் பக்கத்தில் மேசையில் இருந்தது. அவருடைய பக்கம்தான் திறந்திருந்தது. எல்லா நாளும் ஒரே அளவு, ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் தூக்கிக் காட்டினார்.